பணியாளர் மீது சிறுவர் துன்புறுத்தல் முறைப்பாடு வந்தால் நிறுவனம் தானே விசாரிக்கலாமா?

வலிகாமம் செயலாளர் கேட்டது:

வணக்கம். வலிகாமத்தில் மாலைநேரக் கல்வி நிலையங்களையும் ஒரு சிறிய மாணவியர் விடுதியையும் நடத்திவரும் தொண்டு அமைப்பொன்றின் செயலாளராக இருக்கிறேன். செலவின் பெரும்பகுதி கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எங்கள் ஊரவர்களிடமிருந்து வருகிறது. நிர்வாக சபையில் ஓய்வுபெற்ற அதிபர், வங்கி முகாமையாளர், கோயில் தர்மகர்த்தா என்று ஊரில் மதிப்புள்ளவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் கீழே எழுதப்போகும் விடயத்தில் எங்களில் எவருக்கும் அனுபவம் இல்லை. பிள்ளை யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

விடுதியில் தங்கிப் படிக்கும் 13 வயது மாணவி ஒருவர், எங்களிடம் சம்பளம் பெறும் ஆசிரியர் இரவில் தனக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புவதாகவும், வகுப்பு முடிந்த பின்னர் தன்னை மட்டும் மறித்து வைத்துத் தகாத முறையில் தொட்டதாகவும், தொண்டராக வரும் பல்கலைக்கழக மாணவியிடம் கூறியிருக்கிறார். அந்தத் தொண்டர் அன்றிரவே எனக்கு அறிவித்தார். மறுநாள் கூடிய அவசரக் கூட்டத்தில் இரண்டு கருத்துகள் வந்தன. மூவர் கொண்ட குழுவொன்றை அமைத்து, மாணவியையும் ஆசிரியரையும் நேருக்கு நேர் இருத்தி விசாரித்து, விடயம் உண்மைதானா என்று தெரிந்த பின்னரே வெளியில் போகவேண்டும் என்பது தலைவரின் கருத்து. ஆசிரியரிடம் இராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் பிள்ளையின் பெயரும் அமைப்பின் பெயரும் கெடாது என்பது வேறு சிலரின் கருத்து. பிள்ளையின் தாயார் தனித்து வாழ்பவர். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே, நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேண்டாமா என்று அழுகிறார்.

எங்களுக்கு விசாரிக்கும் உரிமை இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்னர் ஆசிரியரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தால் அது அநீதியாகாதா? விடயம் தெரிந்தவர்கள் பொறுமையோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதியது:

செயலாளர் அவர்களே, மூவர் குழுவை முதலில் நிறுத்துங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் அதை மட்டும் இன்றே செய்யுங்கள். பிள்ளையையும் ஆசிரியரையும் நேருக்கு நேர் இருத்துவது விசாரணையல்ல; தன்னைவிட எல்லாவகையிலும் பலமான ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் செய்ததைச் சொல்லும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது. பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார்கள், அல்லது சொன்னதை மறுத்துவிடுவார்கள். பெரியவர்கள் அதை வைத்துப் பிள்ளை பொய் சொன்னது என்று முடிவெழுதுவார்கள்.

நீங்கள் விவரித்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரக்கூடிய குற்றம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதையும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தையும் தனிக் குற்றங்களாக வகுத்தது. இவற்றை விசாரிக்க வேண்டியது பொலிஸ். இரு தரப்பையும் அழைத்துக் கதைத்து முடிக்கவோ இணக்க சபைக்கு அனுப்பவோ இதில் இடமில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் நேரடியாகவும் முறையிடலாம். பிரதேச செயலகத்திலிருக்கும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குச் சொன்னால் அவர் தாயாரோடு கூடவே வருவார். விடுதி நடத்துகிறீர்கள் என்பதால், மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பதைப் பிற்போடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சிறுவர் இல்லங்கள் பலவற்றின் நிர்வாகிகள் இந்தத் திணைக்களத்தை அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில் மட்டுமே நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளையை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது என்பதைத் தலைவருக்கு இவ்வாறு விளக்கலாம். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, பிள்ளையிடம் ஆரம்பத்தில் எடுக்கப்படும் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க முடியும். அதற்கு முன்னரே அதிபர் ஒருமுறை, தர்மகர்த்தா ஒருமுறை, மாமா ஒருமுறை என்று கேட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் சொற்கள் சற்று மாறியிருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த மாற்றங்களைத்தான் பிடித்துக்கொள்வார். அதைவிட, உன்னை இந்த இடத்தில் தொட்டாரா என்று நாங்கள் கேட்டு அது ஓம் என்றால், அந்த விடை எங்களுடையதா பிள்ளையுடையதா என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது.

எனவே தொண்டரிடம் இப்போது எதிர்பார்க்க வேண்டியது ஒரேயொரு காரியம். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே, தான் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்து, நாள், நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகிய விவரங்களோடு எழுதிக் கையொப்பமிட்டு உங்களிடம் தரவேண்டும். துஷ்பிரயோகம், சேட்டை போன்ற தொகுப்புச் சொற்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மாணவி பயன்படுத்திய சொல் கொச்சையாக இருந்தாலும் அதுவே இருக்கட்டும். இதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று தொண்டர் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தால், யாருக்கு ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அவரே பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

கைத்தொலைபேசியில் இருக்கும் செய்திகள் எதையும் அழிக்கவேண்டாம். அவற்றைப் படமெடுத்து நிர்வாக சபையின் வட்ஸ்அப் குழுவில் பகிரவும் வேண்டாம். அந்தப் படம் மாலைக்குள் ரொறன்ரோவுக்குப் போய்விடும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளங்காட்டக்கூடிய விடயத்தை வெளியிடுவதும் அதே 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது. சம்பவம் நடந்து சில நாட்களுக்குள் என்றால், உடுத்திருந்த உடைகளைக் கழுவாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதா என்பதைப் பொலிஸார் தீர்மானிப்பார்கள். தனியார் வைத்தியசாலைக்கு நீங்களாக அழைத்துச் செல்ல வேண்டியதில்லை.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை அடுத்த கூட்டத்தில் நிச்சயம் வரும். விலக வேண்டியவர் ஆசிரியர். பிள்ளை அதே கட்டிலில் படுத்து அதே தோழிகளோடு பள்ளிக்கூடம் போகட்டும். தானே போக விரும்பினால் அது வேறு.

தாயாரின் பயம் நியாயமானது. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிப்பதற்கென்று 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் நிறைவேறியது என்பதை அவருக்குச் சொல்லலாம். ஆனால் அவருக்குச் சட்டத்தைவிட, பொலிஸ் நிலைய வாசலில் தன்னோடு நிற்க நம்பிக்கையான ஒரு பெண் வருவாரா என்பதுதான் முக்கியமாக இருக்கும்.

தொழிற்சட்ட வாசகன் எழுதியது:

முந்தைய பதிலில் சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும் நிறுவனத்துக்கு விசாரிக்கும் உரிமையே இல்லை என்ற எண்ணம் அதனால் ஏற்படக்கூடாது. குற்றம் நடந்ததா, அதற்குத் தண்டனை என்ன என்பவை பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய கேள்விகள். இந்த மனிதர் பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியானவரா, உங்கள் நடத்தைக் கோவையை மீறினாரா என்பவை உங்களுக்குரிய கேள்விகள்; அவற்றுக்கு விடைகாணும் கடமையை நீங்கள் வேறு எவரிடமும் ஒப்படைக்க முடியாது. பொலிஸார் சான்று போதாதென்று கோப்பை மூடினாலும், சட்டமா அதிபர் வழக்குத் தொடுக்காவிட்டாலும், உங்கள் கேள்வி விடையில்லாமல் அப்படியே இருக்கும். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். ஒழுக்காற்று விசாரணையில் நடந்திருப்பதற்கான நிகழ்தகவு மேலோங்கி நின்றால் போதும். ஆகவே இரண்டும் வெவ்வேறு முடிவுகளுக்கு வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

முறைப்பாட்டைப் பதிந்தவுடன், உங்கள் உள்விசாரணையை எப்போது தொடங்கலாம் என்று பொலிஸாரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் சான்று திரட்டி முடிக்கும்வரை நீங்கள் சாட்சிகளைச் சந்திக்காமல் இருப்பது நல்லது. அதற்காகக் கைகட்டி இருக்கவேண்டும் என்றில்லை: வரவுப் பதிவேடு, வகுப்பு நேரசூசி, விடுதிக் காவலாளியின் குறிப்பேடு, கமரா இருந்தால் அதன் பதிவு ஆகியவற்றை இன்றே பூட்டிவைக்க வேண்டும். பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துபோகும் கமராக்கள்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன.

ஆசிரியரை இடைநிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு பணியிலிருந்து விலக்கி வைப்பது தண்டனையாகாது. கடிதத்தில் அந்த வசனத்தையே எழுதுங்கள். விடுதி வளாகத்துக்கு வரக்கூடாது, எந்த மாணவியையும் அவர்களது குடும்பத்தாரையும் தொடர்புகொள்ளக்கூடாது, நிறுவனத்தில் அவர் பேசக்கூடிய நபர் இன்னார் என்பவையும் அதிலிருக்க வேண்டும். முறைப்பாட்டின் விவரங்களையோ பிள்ளையின் பெயரையோ அதில் எழுதாதீர்கள். கடிதத்தைக் கொடுக்கும் நேரத்தைப் பொலிஸாருடன் பேசித் தீர்மானியுங்கள்; முன்கூட்டியே அறிந்தால் தொலைபேசியில் இருப்பவை காணாமல் போகலாம்.

பின்னர் நடக்கும் ஒழுக்காற்று விசாரணையில், குற்றச்சாட்டுப் பத்திரத்தை எழுத்தில் கொடுத்து, பதிலளிக்கப் போதிய அவகாசமும் கொடுத்து, அவர் காட்டும் சாட்சிகளையும் கேட்டாக வேண்டும். இவற்றைச் செய்யாமல் வேலைநீக்கம் செய்தால் அவர் தொழில் நியாய சபைக்குப் போவார். அங்கே ஆராயப்படுவது உங்கள் நடைமுறையும்தான். இந்த விசாரணைக்குப் பிள்ளை வரவேண்டியதில்லை. தொண்டரின் குறிப்பு, செய்திகளின் பதிவு, வகுப்பு முடிந்த பின்னரும் அந்த அறையில் விளக்கு எரிந்ததைக் கண்ட காவலாளி ஆகியவை பல சமயங்களில் போதுமானவை. 13 வயதுப் பிள்ளைக்கு இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புவதை உங்கள் நடத்தைக் கோவை தடைசெய்திருந்தால், அந்த ஒரு குற்றச்சாட்டை நிரூபிக்கப் பிள்ளையின் வாய்மொழியே தேவைப்படாது. அப்படியொரு கோவை உங்களிடம் எழுத்தில் இருக்கிறதா, அதில் அவர் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

யார் விசாரிப்பது என்பதுதான் யாழ்ப்பாணத்தில் சிக்கலான பகுதி. நிர்வாக சபையில் ஒருவர் அவருக்குப் படிப்பித்தவராக இருப்பார், இன்னொருவர் அவருடைய சகலனாக இருப்பார். சபைக்கு வெளியிலிருந்து, முடிந்தால் வேறு மாவட்டத்திலிருந்து, அனுபவமுள்ள இருவரை அழைத்து, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எதை ஆராய வேண்டும், எந்த ஆவணங்களைப் பார்க்கலாம், அறிக்கையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பவற்றை அவர்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கண்டறிபவர் வேறு, தண்டனையைத் தீர்மானிப்பவர் வேறு, மேன்முறையீட்டைக் கேட்பவர் வேறு. சிறிய அமைப்புக்கு இத்தனை பேரைத் திரட்டுவது கடினம் என்பது உண்மைதான். தலைவர் இந்த மூன்றில் ஒன்றிலும் இல்லாவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

மேலேயுள்ள இரு பதில்களும் பயனுள்ளவை. ஆனால் மறுபக்கம் பற்றியும் ஒருவராவது எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்களில் பெட்டிசம் எழுதுவது ஒரு பழைய கலை. இடமாற்றத்துக்காகவும் ரியூட்டரிப் போட்டிக்காகவும் எழுதப்பட்ட மொட்டைக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். முறைப்பாடு ஒன்று வந்த அன்றே ஆசிரியரின் படம் முகநூலில் வந்து, பின்னர் விசாரணையில் ஒன்றும் இல்லை என்று முடிந்தாலும் அவர் திரும்பவும் வகுப்பறைக்குள் கால்வைக்க முடியாமற் போன சம்பவத்தையும் அருகிலிருந்து கண்டேன். அவருடைய பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

பிள்ளையின் பெயரைக் காக்கும் அதே அக்கறையோடு, முடிவு வரும்வரை ஆசிரியரின் பெயரையும் காக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். விசாரணையில் எதுவும் நிரூபிக்கப்படாவிட்டால் நிறுவனம் என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருங்கள். இதை எழுதுவதால் நான் அந்த மாணவியைச் சந்தேகிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனே பொலிஸில் முறையிடுவதே ஆசிரியருக்கும் பாதுகாப்பு. நான்கு பெரியவர்கள் இரகசியமாகக் கூடி எழுதும் தீர்ப்பிலிருந்து எந்த மனிதனும் மீளமுடியாது.

இலண்டனிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பணியாளர் எழுதியது:

வடமராட்சி ஆசிரியரின் கவலைக்கு இங்கிலாந்தின் நடைமுறையில் ஓரளவு விடை இருக்கிறது. இங்கே பள்ளிப் பணியாளர் மீது இப்படியான முறைப்பாடு வந்தால், அதிபர் தானாக விசாரிக்கத் தொடங்காமல், ஒரு வேலைநாளுக்குள் உள்ளூராட்சி அதிகார சபையில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் அறிவிக்க வேண்டும். பொலிஸ், சமூக சேவை, பள்ளி ஆகிய மூன்று தரப்பினரும் பேசி, யார் எதை எப்போது செய்வது என்று ஒழுங்கு செய்வார்கள். முறைப்பாடு வந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இடைநிறுத்தக்கூடாது. பிள்ளைகளோடு தொடர்பில்லாத வேறு பணி கொடுக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். விடுதியில் தங்கும் பிள்ளை, இரவுச் செய்திகள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் விடயத்தில் அதற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவையும் இங்கே வெறுமனே குற்றவாளி, நிரபராதி என்று எழுதுவதில்லை. நிரூபிக்கப்பட்டது, வேண்டுமென்றே கெடுநோக்கில் சொல்லப்பட்டது, பொய்யானது, அடிப்படையற்றது, நிரூபிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லாதது என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். இறுதியாகச் சொன்னதைப் பொய் முறைப்பாட்டோடு சேர்த்து எண்ணக்கூடாது என்பதில் கவனமாக இருப்பார்கள். பொய்யானவை அல்லது கெடுநோக்கில் சொல்லப்பட்டவை என்று தீர்மானிக்கப்பட்ட முறைப்பாடுகள் பணியாளரின் கோப்பிலிருந்து நீக்கப்படும். ஏனையவை அவர் ஓய்வு வயதை அடையும்வரை, அல்லது 10 ஆண்டுகள், எது கூடுதலோ அதுவரை பேணப்படும்.

இராஜினாமாவை வாங்கி அனுப்பிவிடலாம் என்ற கருத்துக்கு ஒரு பழைய உதாரணம் போதும். 2010ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின்னர் ஹெய்ட்டியில் பணியாற்றிய ஒக்ஸ்பாம் நிறுவனம், தனது பணியாளர்களின் பாலியல் முறைகேடு பற்றி 2011இல் உள்விசாரணை நடத்தி, அந்நாட்டுப் பணிப்பாளரைப் பதவி விலக அனுமதித்தது. அவர் பின்னர் பங்களாதேஷில் வேறொரு தொண்டு நிறுவனத்தில் பொறுப்பேற்றார். 2018இல் இது பத்திரிகையில் வெளியானபோது நிறுவனம் பட்ட அவமானம், 2011இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பட்டிருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு. அதன் பிறகுதான், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பழைய நிறுவனத்திடம் பாலியல் முறைகேடு பற்றிக் குறிப்பாகக் கேட்டு விடைபெறும் ஏற்பாடு 2019இல் தொண்டு நிறுவனங்களிடையே தொடங்கியது. உங்கள் ஆசிரியர் இராஜினாமாக் கடிதம் கொடுத்தாலும் விசாரணையை முடித்து முடிவை எழுதிவையுங்கள். நாளை கிளிநொச்சியிலிருந்து ஒரு விடுதி அவரைப் பற்றிக் கேட்டால், நல்லவர், வல்லவர் என்ற சான்றிதழைக் கொடுக்காமல் இருக்க அந்தக் காகிதம் தேவைப்படும்.

இன்னொரு விடயம். உங்களுக்குப் பணம் அனுப்பும் இங்கிலாந்துச் சங்கம் இங்கே பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளை என்றால், அதன் அறங்காவலர்கள் பாரதூரமான சம்பவங்களை அறக்கட்டளை ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம். சம்பவம் ஒன்று நடந்தது, உரிய அதிகாரிகளிடம் முறையிட்டோம் என்ற தகவல் போதும். முகநூலில் அறிவதற்கு முன்னர் உங்களிடமிருந்து அறியட்டும்.

வலிகாமம் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 1929க்கு அழைத்தோம். தாயாரோடு பிரதேச செயலகத்து உத்தியோகத்தரும் அந்தத் தொண்டரும் சென்று முறைப்பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளத்தோடு கூடிய இடைநிறுத்தக் கடிதம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவருடைய பெயரை எவரும் வெளியில் சொல்வதில்லை என்று சபையில் அனைவரும் கையொப்பமிட்டோம். தலைவர் இன்னமும் மனம் ஒப்பவில்லை, ஆனால் விலகி நிற்கச் சம்மதித்திருக்கிறார். நடத்தைக் கோவை எங்களிடம் இருக்கவில்லை; நியமனக் கடிதத்தில் ஒழுக்கம் பற்றி ஒரு பொதுவான வரி மட்டுமே இருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. அதே ஆசிரியரிடம் படித்த ஏனைய மாணவிகளுக்கும் ஏதாவது நேர்ந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவர்களைக் கூட்டி வைத்துக் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதியது:

கூட்டி வைத்துக் கேட்க வேண்டாம். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டால் அனைவருடைய சாட்சியமும் கலங்கிவிடும். அதோடு, முதலில் பேசிய பிள்ளை யாரென்று ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவரிடம் படித்த மாணவிகள் அனைவரின் பெயர்ப்பட்டியலையும், இடையில் காரணம் சொல்லாமல் விடுதியை விட்டு நின்றவர்களின் பெயர்களையும் சேர்த்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். நின்றவர்களின் பெயர்களைப் பலர் மறந்துவிடுவார்கள். யாரைச் சந்திப்பது, எப்படிச் சந்திப்பது என்பதை அவர் தீர்மானிப்பார்.

விடுதியில் நீங்கள் செய்யக்கூடியது, வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், எந்தப் பெரியவரின் நடத்தையாவது மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்பதை எல்லா மாணவிகளுக்கும் பொதுவாக அறிவிப்பது. சபைக்கு வெளியிலுள்ள ஒரு பெண்ணின் பெயரையும் 1929 என்ற இலக்கத்தையும் சாப்பாட்டு அறையில் எழுதி ஒட்டுங்கள். விடுதிப் பொறுப்பாளரின் மேசைக்கு மேலே ஒட்டினால் எந்தப் பிள்ளையும் நின்று வாசிக்காது. யாராவது தாமாக வந்து பேசினால், முதல் தொண்டர் செய்ததைப் போலவே கேட்டு, எழுதி, அன்றே அதே அதிகாரியிடம் சேர்ப்பியுங்கள். நடத்தைக் கோவையை இப்போதே எழுதத் தொடங்கலாம். ஆனால் இன்று எழுதும் விதியை முன்னர் நடந்த சம்பவத்துக்குப் பொருத்தி அந்த ஆசிரியர் மீது குற்றம் சுமத்த முடியாது என்பதைச் சபைக்குத் தெளிவுபடுத்துங்கள். அவர் விடயத்தில் நியமனக் கடிதத்திலிருக்கும் அந்தப் பொதுவான வரியை வைத்துத்தான் குற்றச்சாட்டுப் பத்திரம் தயாரிக்க வேண்டியிருக்கும். அதைத் தொழிற்சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள்.